“வாங்க மிஸ், எட்டாம் தரம் உங்களுக்கு”

2018. புதுத் தவணை தொடங்கி இரண்டாம் நாள். இலங்கை மலையகத்தில் அக்கரபத்தனைப் பக்கம் போகிற முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, தேயிலைக்கு நடுவே ஒன்றரைக் கிலோமீட்டர் ஏறி, சேலைக் கரையெல்லாம் நனைந்து, கையில் ஒரு கடிதத்தோடு அந்தப் பிள்ளை எங்கள் பள்ளிக்கூட அதிபர் முன்னால் நின்றது. வயது இருபத்திரண்டு இருக்கும். ஆசிரியர்களைப் பயிற்றும் கல்வியியற் கல்லூரி விடுதியில் இரண்டு வருடம் தங்கிப் படித்துவிட்டு, மூன்றாம் வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துப் பழகும் கட்டுறுப் பயிற்சிக்காக எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப்பட்டவர். அதிபர் கடிதத்தை முழுதாக வாசிக்கவில்லை. ‘கணிதம்’ என்ற சொல்லைக் கண்டதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“வாங்க மிஸ், எட்டாம் தரம் உங்களுக்கு. ஆறு, ஏழையும் சேர்த்துப் பாத்துக்குங்க. டீச்சர், நேரசூசியைக் கொண்டாங்க.”

நேரசூசியைக் கொண்டுபோய்க் கொடுத்த டீச்சர் நான்தான். ஒரு வாரத்துக்கு 40 பாடவேளை. அதில் 31 அந்தப் பிள்ளையின் தலையில் விழுந்தது. அதிபரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. எங்கள் கணித ஆசிரியர் முந்தின வருடம் இடமாற்றம் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார், பதிலுக்கு யாரும் வரவில்லை. ஆறு மாதமாகக் கணிதப் பாடவேளையில் பிள்ளைகள் சித்திரம் கீறிக்கொண்டிருந்தார்கள். தாகத்தில் கிடந்தவன் முன்னால் ஒரு செம்புத் தண்ணீரை வைத்தால் அளந்தா குடிப்பான்?

ஆனால் அந்தப் பிள்ளை மூன்றாவது வாரம் கழிவறைக் கட்டடத்துக்குப் பின்னால் நின்று அழுததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி வந்துவிட்டேன். இதை எழுத எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. ‘வழிகாட்டி ஆசிரியர்’ என்ற இடத்தில் என் பெயரைத்தான் அதிபர் எழுதி அனுப்பியிருந்தார். அது என்ன வேலை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வருடக் கடைசியில் கையெழுத்துப் போட்டேன், புள்ளி போட்டேன், அவ்வளவுதான். அந்தப் பிள்ளை இப்போது வேறொரு கல்வி வலயத்தில் நல்ல பெயரோடு படிப்பிக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன் தொலைபேசியில் பேசும்போது சிரித்துக்கொண்டே சொன்னார்: “அந்த வருசம் நான் படிப்பிக்கப் பழகல டீச்சர். சத்தம் போடத்தான் பழகினேன்.”

என் கதையும் பெரிதாக வேறில்லை. இருபது வருடத்துக்கு முன் நானும் இப்படித்தான் கடிதத்தோடு போய் நின்றவள். எந்தக் கல்லூரி என்பது இங்கே வேண்டாம். மேற்பார்வைக்கு விரிவுரையாளர் வரும் நாள் முன்கூட்டியே தெரிந்துவிடும். முதல் நாள் இரவு இரண்டு மணி வரை முழித்து பிரிஸ்டல் போர்டில் படம் வெட்டி ஒட்டுவோம். மலைநாட்டுச் சுவரில் செலோடேப் ஒட்டாது. ஈரம். பாடத்தின் நடுவில் போர்ட் மெல்ல மெல்லச் சுருண்டு விழும், அதைப் பிடிக்க ஒரு பையனை முன்கூட்டியே நிறுத்திவைப்போம். நான் இன்னும் ஒரு படி மேலே போனேன். அதே பாடத்தை முந்தின நாளே வகுப்பில் ஒத்திகை பார்த்துவிட்டேன். மறுநாள் விரிவுரையாளர் பின்வரிசையில் உட்கார்ந்திருக்க, நான் ‘புதிய’ பாடத்தைத் தொடங்கியதும் முன்பெஞ்சுக்காரி எழுந்து, “டீச்சர், இது நேத்தே படிச்சோமே” என்றாள். அவருக்குக் கேட்டிருக்கும். கேட்காத மாதிரி கொப்பியில் ஏதோ எழுதினார். நாற்பது நிமிடம் முடிந்தது, சாயத்தண்ணி குடித்தார், ஹட்டன் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். ‘கரும்பலகைப் பயன்பாடு நன்று. குரல் ஏற்ற இறக்கம் தேவை.’ ஒரு வருடப் பயிற்சியில் கல்லூரி எனக்குச் சொன்னதில் நினைவிருப்பது இந்த இரண்டு வரிதான். பள்ளிக்கூடம் சொன்னது அதற்கும் குறைவு.

கல்லூரி ஒரு கரை, பள்ளிக்கூடம் ஒரு கரை. நடுவில் இந்த இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் நீந்திக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் ஆறும் கொஞ்சம் அகலம். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பெடுக்கத் தொடங்கியதே 1970களில்தான். அதுவரை தோட்டத்துரை கையில் இருந்தவை அவை. 1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தோடு கல்வியியற் கல்லூரிகள் நிலைபெற்றன. பிறகு பத்தனையில் ஜெர்மன் உதவியோடு ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி எழுந்தது. கொட்டகலையில் ஆசிரியர் கலாசாலை ஏற்கெனவே சேவையில் உள்ளவர்களைப் பயிற்றுகிறது. இவை வந்திராவிட்டால் எங்கள் பிள்ளைகள் பாதிப் பேர் ஆசிரியர் முகத்தையே பார்த்திருக்க மாட்டார்கள். அப்படியிருந்தும் ஆள் போதவில்லை என்று 2015 அளவில் ஆசிரிய உதவியாளர்களை எடுத்தார்கள், மாதம் 6,000 ரூபா கொடுப்பனவுக்கு. முதலில் வகுப்பு, பயிற்சி பிறகு. எங்கள் ஆசிரியர் அறையில் அப்படி வந்தவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். யாரும் கைபிடித்துக் காட்டாமல் தாங்களாகவே விழுந்தெழும்பிப் பழகியவர்கள். புதிதாக வருகிற பயிலுநருக்கு இவர்கள் வழிகாட்ட வேண்டும் என்றால், எந்த வழியை என்று கேட்கத்தானே செய்வார்கள்.

மாற்றம் வந்தது திட்டமிட்டு அல்ல, பெட்ரோல் தட்டுப்பாட்டால்.

2022 நடுப்பகுதி எல்லோருக்கும் நினைவிருக்கும். எரிபொருள் வரிசை கிலோமீட்டர் கணக்கில். பள்ளிக்கூடம் சில வாரம் மூடல், சில வாரம் மூன்று நாள். அந்த வருடம் எங்களுக்குக் கிடைத்த பயிலுநர் ஓர் ஆண்பிள்ளை. கண்டி நகரத்தில் கடை வைத்திருப்பவரின் மகன். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தை பஸ் ஜன்னலால் பார்த்ததோடு சரி. மேற்பார்வை விரிவுரையாளருக்கு வர வாகனம் இல்லை. அவர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். வடக்கைச் சேர்ந்தவர், நிதானமான பேச்சு.

“டீச்சர், நான் வர ஏலாமக் கிடக்கு. நீங்க வகுப்பில இருந்து பாத்திட்டு எனக்குச் சொல்லுவியளோ? தம்பியையும் வச்சுக்கொண்டே கதைப்பம்.”

எங்கள் லயத்துப் பக்கம் சிக்னல் பிடிக்காது. மாரியம்மன் கோயில் மேட்டுக்கு ஏறினால்தான் இரண்டு கோடு வரும். வியாழக்கிழமை ஆறரை மணிக்கு நானும் தம்பியும் கோயில் திண்ணையில், அவர் எங்கோ தன் வீட்டு முற்றத்தில், ஒரே அழைப்பில் மூன்று பேர். நான் சேவையில் சேர்ந்து அத்தனை வருடத்தில், ஒரு பாடத்தைப் பற்றிப் பயிலுநர், பள்ளிக்கூடம், கல்லூரி மூன்றும் ஒரே நேரத்தில் பேசியது அதுதான் முதல் தடவை. அதுவரை கல்லூரிக்காரர் பயிலுநரிடம் ஒன்று சொல்வார், அவர் போனபின் நாங்கள் “அதெல்லாம் இங்க சரிப்படாது” என்று இன்னொன்று சொல்வோம்.

அந்த அழைப்புகளில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

ஆறாம் தரம், பின்னங்கள். தம்பி வட்டமான கேக் படம் கீறி, நடுவில் கோடு போட்டு, “பாதி என்றால் என்ன?” என்று கேட்டார். பின்வரிசைப் பையன் ஒருவன் கையை உயர்த்தி, “அரைப்பேரு, சேர்” என்றான். வகுப்பே சிரித்தது. தம்பி, பையன் பகிடி விடுகிறான் என்று நினைத்து, “உட்காருங்க, விளையாடாதீங்க” என்றார். பையன் உட்கார்ந்தான். அந்தப் பாடவேளை முடியும்வரை பிறகு வாய் திறக்கவில்லை. நான் பின்பெஞ்சில் இருந்து நேரத்தோடு குறித்துக்கொண்டேன்: 9.14 — அரைப்பேரு.

அன்று மாலை கோயில் மேட்டில் அதைத்தான் எடுத்தேன். விரிவுரையாளர் மறுமுனையில் கொஞ்சம் யோசித்துவிட்டு, “டீச்சர், குறை நினைக்காதேங்கோ. அரைப்பேர் எண்டா என்ன?” என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு வருடம் கணிதம் படிப்பிக்கப் பழகிய பிள்ளைக்கும் தெரியவில்லை, பழக்கியவருக்கும் தெரியவில்லை. மலையில் பிறந்த பத்து வயதுப் பிள்ளைக்கெல்லாம் தெரியும். பறித்த தேயிலைக் கொழுந்து கிலோ குறைந்தால், தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலில் முழு நாளுக்குப் பெயர் விழாது. அரை நாள் சம்பளம்தான். அதுதான் அரைப்பேர். அந்தப் பையன் ½ என்பதற்குத் தன் வீட்டில் தினமும் புழங்குகிற சொல்லைச் சொன்னான். அதைவிடச் சரியான விடையை வேறு யார் சொல்லியிருக்க முடியும்?

விரிவுரையாளர் அதோடு விடவில்லை. “கிலோ எவ்வளவு எடுக்கோணும்?” என்றார். தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும், 18 என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். “அப்ப 12 கிலோ எடுத்தவவுக்கு?” அரைப்பேர்தான். ஒரு நிமிடம் மூன்று பேரும் பேசவில்லை. 18இல் 12 என்றால் மூன்றில் இரண்டு. சம்பளம் மட்டும் இரண்டில் ஒன்று. தம்பி தொலைபேசி வெளிச்சத்தில் கொப்பியைத் திறந்து கீறத் தொடங்கிவிட்டார்.

அடுத்த வாரம் அவர் அந்தப் பாடத்தைத் திரும்ப எடுத்தார். கேக் இல்லை. ‘ஒரு தோட்டத்தில் ஒரு நாளைக்கு 18 கிலோ’ என்று கரும்பலகையில் எழுதினார். ‘உங்கள் அம்மா எத்தனை கிலோ எடுப்பார்’ என்று கேட்கவேண்டாம் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். அரைப்பேர் விழுந்த வீட்டுப் பிள்ளை அதை வகுப்பில் எழுந்து சொல்ல வேண்டியதில்லை. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு எப்படி நிற்கும், கொழுந்துப் பைக்கும் ஈரத்துக்கும் எத்தனை கிலோ கழிப்பார்கள் என்று பிள்ளைகளே சொன்னார்கள். மூன்றில் இரண்டையும் இரண்டில் ஒன்றையும் ஆறில் போட்டுப் பார்த்தார்கள். ஆறில் நான்கு, ஆறில் மூன்று. அப்போது அந்தப் பின்வரிசைப் பையன் கேட்டான்: “அப்ப மிச்சம் ஆறில ஒண்ணு எங்க, சேர்?” தம்பி என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். கணிதப் பாடத்துக்குள் அந்தக் கேள்விக்கு விடை இல்லை. பையனின் கணக்கு சரி என்று மட்டும் தம்பி சொன்னார். அது போதும் என்றுதான் எனக்குப் பட்டது. போதாது என்று விரிவுரையாளர் நினைத்தார். அன்று மாலை முழுக்க அதைப் பற்றியே வாதாடினோம்.

பட்டப்பின் கல்வி டிப்ளோமா படித்தபோது லீ ஷுல்மன் என்ற அமெரிக்க அறிஞர் 1986இல் சொன்னதைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்திருந்தேன். பாடத்தைத் தெரிந்திருப்பது ஓர் அறிவு, அதை ஒரு பிள்ளைக்கு விளங்கும்படி மாற்றத் தெரிந்திருப்பது இன்னோர் அறிவு. பரீட்சையில் எட்டுப் புள்ளிக்கு எழுதினேன். அந்த இரண்டாவது அறிவில் ஒரு பங்கு எங்கள் பள்ளிக்கூடத்துப் பின்பெஞ்சில் இருக்கிறது என்பது கோயில் மேட்டில்தான் விளங்கியது. கல்லூரிக்குக் கொடுக்க எங்களிடமும் சரக்கு இருக்கிறது. அதுவரை நாங்கள் வாங்கிக்கொள்பவர்கள் என்றே நினைத்திருந்தோம்.

இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. ஒக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 1987இலேயே சுற்றியுள்ள பள்ளிக்கூடங்களோடு சேர்ந்து ஒரு பயிற்சி முறையைத் தொடங்கியது. பயிலுநர் வருடத்தின் பெரும்பகுதி ஒரே பள்ளிக்கூடத்தில் இருப்பார். அங்கே அவரது பாடத்துக்கென ஒரு வழிகாட்டி ஆசிரியர், பல்கலைக்கழகத்தில் அதே பாடத்துக்கு ஒரு விரிவுரையாளர், இரண்டு பேரும் சேர்ந்து திட்டம் போடுவார்கள். 1992இல் இங்கிலாந்து அரசு, இடைநிலை ஆசிரியப் பயிற்சியின் 36 வாரத்தில் 24 வாரம் பள்ளிக்கூடத்தில் நடக்க வேண்டும் என்று விதித்தது. அதற்காகப் பல்கலைக்கழகங்களில் இருந்து பள்ளிக்கூடங்களுக்குப் பணமும் போனது. எங்கள் பயிலுநர்களும் ஒரு முழு வருடம் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள். நாள் கணக்கில் பார்த்தால் நாம் பின்தங்கியவர்கள் இல்லை. அந்த வருடத்தை என்ன செய்கிறோம் என்பதில்தான் பிசகு. பணத்தை விடுங்கள், வழிகாட்டியாக இருந்ததற்கு என் நேரசூசியில் ஒரு பாடவேளைகூடக் குறையவில்லை.

அதனால் 2023இல் அதிபரிடம் நேராகப் போனேன். அவர் வேறு அதிபர், கொஞ்சம் இளையவர். நான் கேட்டது இரண்டுதான். வருகிற பயிலுநருக்கு வாரத்துக்கு 20 பாடவேளைக்கு மேல் வேண்டாம். வாரத்தில் ஒரு பாடவேளை எனக்கும் அவருக்கும் ஒரே நேரத்தில் ஓய்வாக இருக்க வேண்டும், அது நேரசூசியில் எழுதப்பட்டிருக்க வேண்டும். இரண்டாவதைத்தான் வலியுறுத்துவேன். ‘நேரம் கிடைக்கும்போது பேசுவோம்’ என்றால் பேசவே மாட்டோம். இடைவேளையில் பேசலாம் என்பார்கள். இடைவேளையில் சத்துணவுக்கு வரிசை பிடிக்க வேண்டும், சண்டை விலக்க வேண்டும். நேரசூசியில் பெட்டி போட்டு எழுதாத எதுவும் பள்ளிக்கூடத்தில் நடப்பதில்லை. அதிபர் 20க்கு ஒத்துக்கொள்ளவில்லை, 24க்கு வந்தார். ஓய்வுப் பாடவேளை புதன் நான்காவது என்று முடிவானது.

அந்தப் பாடவேளையில் எப்படிப் பேசுவது என்பதைத் தடுமாறித்தான் பழகினேன். முதலில் ஒரு கொப்பி நிறையக் குறை எழுதிக்கொண்டு போவேன். கரும்பலகையில் எழுத்து சரிவு, கேள்வியைக் கேட்டுவிட்டு நீங்களே பதில் சொல்கிறீர்கள், கடைசி வரிசைக்குப் போகவே இல்லை... பன்னிரண்டாவது குறைக்கு வரும்போது எதிரில் இருக்கும் பிள்ளையின் முகம் செத்துவிடும். இப்போது ஒன்றே ஒன்று. அதுவும் பாடத்துக்கு முந்தின நாளே பயிலுநரே சொல்ல வேண்டும்: “டீச்சர், நாளைக்கு நான் கேள்வி கேட்ட பிறகு எவ்வளவு நேரம் காத்திருக்கேன்னு பாருங்க.” நான் கடிகாரத்தை வைத்துக்கொண்டு அதை மட்டும் பார்ப்பேன். 2 விநாடி, 1 விநாடி, 1, 3, 1. என் அபிப்பிராயம் எதுவும் வேண்டாம். அந்த எண்களைப் பார்த்தாலே பிள்ளை, “ஐயோ டீச்சர்” என்று தலையில் கை வைத்துவிடும்.

பேச்சில் முதலில் பயிலுநர், பிறகு நான், கடைசியில் விரிவுரையாளர். இந்த ஒழுங்கைக் கொண்டுவந்தவர் அந்த வடக்கத்து விரிவுரையாளர்தான். “நான் முதல்ல வாயைத் திறந்தா நீங்க ரெண்டு பேரும் தலையாட்டிப் போடுவியள்” என்றார். உண்மை. எங்கள் ஊரில் விரிவுரையாளர் சொன்னபின் யார் மறுத்துப் பேசுவது?

அவரைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். பஸ் ஓடத் தொடங்கியதும் நேரில் வந்தார். நான் விளையாட்டாகத்தான் கேட்டேன்: “சேர், நீங்க ஒரு பாடம் எடுங்க, நாங்க பின்னால இருந்து பாக்குறோம்.” மறுக்கவில்லை. எட்டாம் தரம், திசைகொண்ட எண்கள். வெப்பமானி, கடல்மட்டம், வங்கிக் கடன் என்று அழகாகத் தொடங்கினார். எங்கள் பிள்ளைகளில் கடலைப் பார்த்தவர்கள் நான்கு பேர். வங்கி அவர்களுக்குத் தெரியாது. கடன் தெரியும், ஆனால் அதைக் கழித்தல் குறியாக யாரும் பார்த்ததில்லை. ஒருவன் பெஞ்சுக்குக் கீழே அழிறப்பர் தேடப் போய் வெளியே வரவே இல்லை. மணி அடித்தபோது பாடம் பாதியில் நின்றது. தலவாக்கலைக் குளிரில் மனிதர் வியர்த்துப்போய் வெளியே வந்தார். “பள்ளிக்கூட வகுப்புக்குள்ள கடைசியாச் சோக் பிடிச்சுப் பதினாலு வருசமாச்சு டீச்சர்” என்றார்.

அந்த ஒரு பாடம் விழுந்ததில் நிறைய எழும்பியது. அதுவரை அவரைக் கண்டாலே நடுங்கிய பயிலுநர், அன்றைக்கு முதல்தடவையாக அவரிடம் ஒரு யோசனை சொன்னார். எங்கள் பள்ளிக்கூடம் சரிவில் கட்டியது. அலுவலகம் நடுவில், உயர்தர வகுப்பு மேலே, ஆரம்பப் பிரிவு கீழே. அலுவலக வாசலைப் பூச்சியம் என்று வைத்து, மேலே ஏறும் படி நேர் எண், கீழே இறங்கும் படி மறை எண். மறுநாள் எட்டாம் தரம் முழுக்கப் படிக்கட்டில். +4இல் நின்று 7 படி இறங்கினால் எங்கே நிற்பாய்? இறங்கியவன் அலுவலக வாசலைத் தாண்டி –3இல் நின்று கத்தினான். அதிபர் வெளியே வந்து, “என்னா டீச்சர், பிள்ளைங்கள வெளியில விட்டுட்டீங்களா?” என்றார். அவருக்கும் ஒருமுறை இறங்கிக் காட்டினோம்.

வழிகாட்டியாக இருக்கப்போகிறவர்களுக்குச் சில்லறை விஷயங்கள் சில. பெரிய விஷயத்தைக் கெடுப்பது இவைதான்.

பாடக் குறிப்பு. கல்லூரி ஒரு வடிவம் கேட்கும், ஆசிரிய ஆலோசகர் இன்னொன்று, அதிபர் பழைய வடிவம். பயிலுநர் இரவிரவாக மூன்றையும் எழுதும். முதல் வாரத்திலேயே மூன்று பேரிடமும் பேசி ஒரு வடிவத்துக்குச் சம்மதம் வாங்குங்கள். எனக்கு இதற்கு இரண்டு அழைப்புத்தான் தேவைப்பட்டது. இத்தனை வருடமாக ஏன் யாரும் செய்யவில்லை என்று நினைத்து எனக்கே கோபம் வந்தது.

தங்குமிடம். பெண் பிள்ளை என்றால் இதுதான் முதல் கவலை. தோட்டத்துக்குள் போர்டிங் கிடைக்காது, டவுனில் இருந்து வந்தால் முதல் பஸ் தவறினால் இரண்டாம் பாடவேளை போய்விடும். கடிதம் வந்த உடனே பெற்றோர் சங்கத்தில் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். எங்களுக்குத் தபால்காரர் வீட்டில் ஒரு அறை கிடைத்தது.

முதல் இரண்டு வாரம் வகுப்பைக் கொடுக்காதீர்கள். லயத்துப் பக்கம் கூட்டிக்கொண்டு போங்கள். காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பிரட்டு எத்தனை மணிக்கு, வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விடும் பிள்ளைக் காமரா எங்கே, மழை நாளில் எந்தப் பிள்ளை ஏன் வராது. இதைத் தெரிந்துகொண்டு வகுப்புக்குள் போகிறவர் வேறு மாதிரி நிற்பார்.

புள்ளி. இது எனக்கு இன்னும் தீரவில்லை. வழிகாட்டுகிறவரே புள்ளியும் போட வேண்டும் என்றால், பயிலுநர் தன் பலவீனத்தை ஏன் என்னிடம் சொல்லப்போகிறார்? நான் செய்வது இவ்வளவுதான்: எந்தப் பாடத்துக்குப் புள்ளி, எதற்கு இல்லை என்று முதல் நாளே சொல்லிவிடுவேன். புள்ளி இல்லாத பாடங்களில்தான் அவர்கள் துணிந்து எதையாவது செய்து பார்ப்பார்கள். அரைவாசித் தீர்வுதான்.

கல்லூரிப் பக்கத்துக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எங்களையும் அங்கே கூப்பிடுங்கள். 2024இல் ஒருமுறை இரண்டாம் வருட மாணவர்களோடு பேச என்னை அழைத்தார்கள். மலைநாட்டு வகுப்பறைச் சொற்கள் என்று ஒரு பட்டியல் கொண்டுபோனேன். அரைப்பேர், மடுவம், பிரட்டு, செக்ரோல் என்று நாற்பது சொல்லுக்கு மேல். எந்தச் சொல்லை எந்தப் பாடத்தில் எடுக்கலாம் என்று பிள்ளைகள் போட்டிபோட்டார்கள், இரண்டு மணி நேரம் போனது தெரியவில்லை. கடமை லீவு எடுக்கத்தான் சிரமப்பட்டேன். கருத்தரங்கு என்றால் ஒரு படிவம் இருக்கிறது, பரீட்சைக் கடமை என்றால் ஒரு படிவம் இருக்கிறது. ஒரு பாடசாலை ஆசிரியை கல்லூரிக்குப் போய்ப் படிப்பிக்கப் போகிறாள் என்பதற்குப் படிவம் இல்லை. கடைசியில் சொந்த லீவில், சொந்தச் செலவில் போய்வந்தேன். கல்வியியற் கல்லூரிகளை உயர்த்தி எல்லோருக்கும் பட்டம் கொடுக்கலாம் என்று பேச்சு நடக்கிறது. வரட்டும், எனக்கு மகிழ்ச்சிதான். அப்படி வரும்போது அந்தப் படிவத்தையும் ஒன்று அச்சடித்து வைத்தால் நல்லது.

கண்டித் தம்பி இப்போது நிரந்தர ஆசிரியர், மஸ்கெலியாப் பக்கம். போன மாதம் அழைத்தார். அவர் பள்ளிக்கூடத்துக்குப் பயிலுநர் வரப்போகிறதாம், இவரை வழிகாட்டியாகப் போட்டிருக்கிறார்களாம். “என்னா டீச்சர் செய்யணும்?” என்றார். முதலில் நேரசூசியைப் பாருங்கள் என்றேன்.

எங்களுக்கும் கடிதம் வந்துவிட்டது, இந்தமுறை விஞ்ஞானம். புதன் நான்காவது பாடவேளைக்குப் பெட்டி போட்டு அதிபரிடம் கொண்டுபோனேன். பார்த்தார், தலையாட்டினார்.

“பென்சில்லயே எழுதி வைங்க டீச்சர். வலயத்துல இருந்து எப்ப யாரைத் தூக்குவாங்கன்னு தெரியாது.”

பேனாவால்தான் எழுதினேன்.